செங்கலடியில் பூத்த தேயிலை

என் மடியில் ஒரு பழைய பெயின்ற் வாளி. வாளிக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு செடி. செடியைச் சுற்றி நான் உடுக்கிற சாரம், நனைத்தபடி. செங்கலடிச் சந்தியில் விடியற்காலையில் பதுளை பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின் இருக்கையில் இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மாரி மழை பிடித்துக்கொண்டிருந்தது.

டிக்கட் போட வந்த கண்டக்டர் சாரத்தை விலக்கிப் பார்த்தார்.

"இதென்ன பூக்கண்டு அண்ணன்?"

"தேயிலை."

"எங்க கொண்டு போறீங்க?"

"லுணுகலைக்கு."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் திரும்பி, "இஞ்ச பாருங்க, அண்ணன் மலைக்குத் தேயிலை கொண்டு போறார்" என்று பஸ் முழுக்க அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த றோட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவன் நான். என் பஸ்ஸில் ஆட்டுக்குட்டி ஏறியிருக்கிறது, கட்டில் ஏறியிருக்கிறது. ஒரு முறை கலியாணப்பெண் ஒருத்தி முழு அலங்காரத்தோடு நெல்மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள். நான் ஒருவரையும் பார்த்துச் சிரித்தது கிடையாது.

ஆனால் அன்றைக்குச் சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. செடியில் மூன்று பூ விரிந்திருந்தது, நாலு மொட்டு இருந்தது. தேயிலைப் பூ இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. மேலே, லுணுகலையில், என் மனைவி பாக்கியம் இருந்தாள். அவள் வீட்டை விட்டுப் போய் நாலு மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. பூ உதிர முன் அவளுக்குக் காட்ட வேண்டும், காட்டி அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதுதான் என் திட்டம்.

பூக்க விடாத மலை

பாக்கியம் பிறந்தது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடு ஒன்றில். பதின்மூன்று பதினான்கு வயதிலேயே தலையில் கொழுந்துக்கூடை ஏறிவிட்டது. ஒரு கலவரத்துக்குப் பிறகு தகப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் இறங்கிவிட்டார். மூத்தவள் ராசம்மா அக்காவை அதற்கு முன்பே தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவ மலையிலேயே தங்கிவிட்டா.

கரடியனாற்றில் ஏறி செங்கலடியில் இறங்கும் பயணியாக இருந்தவள் எப்படி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்பதை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதினால் அவளே என்னை ஏசுவாள்.

கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள் கேட்டாள். "என்னங்க, நீங்க தேயிலைப் பூ பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கிழமையில் நாலு நாள் தேயிலைக்கு நடுவே பஸ் ஓட்டுகிறேன். பூ கண்ட ஞாபகமே இல்லை.

"பாத்திருக்க மாட்டீங்க. ஏழு நாளைக்கு ஒருக்கா கொழுந்து எடுத்தா செடிக்குப் பூக்க எங்க நேரம்? மலை பூத்துச்சின்னா கங்காணிக்கு அவமானம்" என்றாள்.

நுனியைக் கிள்ளக் கிள்ளத் தேயிலை இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். கிள்ளாமல் விட்டால்தான் குளிர் மாதங்களில் இலை இடுக்கில் மொட்டு வைக்கும். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற செடிக்கு அந்தக் கொஞ்ச நாள்தான் பூக்காலம். இவ்வளவும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எங்க கோயிலுக்குப் பின்னால கைவிட்ட மலை ஒண்ணு இருந்துச்சு. செடியெல்லாம் மரமா நின்னுச்சு. குளிர் மாசத்துல கீழ வெள்ளையா கொட்டிக் கெடக்கும். நானும் அக்காவும் இடுப்புல கட்டுற படங்குச் சாக்குல அள்ளிக்கிட்டு வருவோம்."

"அள்ளி என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யமாட்டோம். அள்ளுவோம்."

பிறகு சண்டையில் பாதை பூட்டிய காலம் வந்தது. அதைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு புலம்பிவிட்டேன். என் பஸ் வேறு றோட்டுக்குப் போனது. பாக்கியம் வருடக்கணக்கில் அக்காவைப் பார்க்கவில்லை. மழை வெளித்த காலைகளில் கறுத்தப்பாலம் தாண்டி வயல்பக்கம் போனால், மேற்கே தூரத்தில் மலை நீலமாகத் தெரியும். அவள் புல்லு அறுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவாள். எங்களிடம் மாடு இருக்கவில்லை.

வானத்துத் தண்ணீர்

பாதை திறந்து நானும் பழைய றோட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு பயணத்தில் ராசம்மா அக்கா லுணுகலைச் சந்தியில் காத்து நின்று ஒரு கோதுமை மாப்பையைத் தந்தா. உள்ளே சிவப்பு மண்ணோடு ஒரு சாண் தேயிலைக் கன்று. "தங்கச்சிக்குக் குடுங்க தம்பி" என்றா. அதை என் காலடியில் வைத்துக்கொண்டுதான் மலை இறங்கினேன். அன்றைக்குப் போல நான் பிரேக்கை மென்மையாக மிதித்ததில்லை.

பாக்கியம் அதை வாங்கி, மண்ணை முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை சொன்னாள்.

"இது நம்ம வாசல்ல பூத்திச்சின்னா, நானும் இந்த மண்ணுல வேர் புடிச்சிட்டேன்னு வச்சிக்கிடுங்க."

விளையாட்டாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் அப்போது அவள் எங்கள் ஊருக்கு வந்து அரை ஆயுள் ஆகியிருந்தது. எங்கள் அரிசியைச் சாப்பிட்டாள், வாவி மீனை எங்கள் பெண்களைவிட நன்றாக ஆக்கினாள். அப்படியிருந்தும் பேச்சில் "உங்க ஊரு" என்றே வரும். அது எனக்கு உள்ளுக்குள் குத்தும். ஆகவே அந்தச் செடி பூக்க வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

முதல் வருடமே அதைக் கொல்லப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் போட்டால் எதுவும் துளிர்க்கும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. இரண்டு கை சாம்பல் போட்டேன். இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, செடி குந்திவிட்டது.

ஏறாவூரில் மரக்கன்றுக்கடை வைத்திருந்த ஹனீபா காக்காவிடம் ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"சாம்பல் போட்டீங்களா?"

"ஓம்."

"இதுக்குப் புளிச்ச மண்தான் புடிக்கும். சாம்பல் போட்டா இதுக்கு நஞ்சு. தண்ணி எங்கத்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"தம்பி, உங்கட கிணறு உப்பு வாவிக்குச் சொந்தக்காரன். அந்த உவர் இதுக்கு ஆகாது. வானத்துத் தண்ணி புடிச்சு வச்சு ஊத்துங்க."

அதன் பிறகு மாரியில் கூரைத் தண்ணீரை மூன்று பீப்பாயில் பிடித்துவைத்து, கோடை முழுக்கச் சிரட்டையால் அளந்து ஊற்றினேன். சோற்றுக்கு உவர்த் தண்ணீர், செடிக்கு மழைத் தண்ணீர் என்று பக்கத்து வளவில் கேலி பேசினார்கள். மாமர நிழலில், காலை வெயில் மட்டும் விழும் இடமாகப் பார்த்து வாளியை வைத்தேன். அடியில் காய்ந்த மாவிலை பரப்பினேன். மண் மாற்ற வேண்டி வந்தபோது ஒரு சாக்குச் சிவப்பு மண் பதுளை றோட்டாலேயே இறங்கி வந்தது.

செடி பிழைத்தது. பச்சைப் பசேலென்று நின்றது. பூக்க மட்டும் இல்லை. ஒரு மாரி போனது, இரண்டு மாரி போனது, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். உயரவும் இல்லை. நுனி எப்போதும் நறுக்கினாற்போல் இருந்தது.

சின்னத்தம்பி அண்ணனின் ஆடு

நுனி நறுக்கப்பட்டிருந்தால் ஆடு கடித்திருக்க வேண்டும். பக்கத்து வளவுச் சின்னத்தம்பி அண்ணனிடம் ஒரு கறுப்பு ஆடு இருந்தது. வேலியைக் குனிந்தும் வரும், தாண்டியும் வரும். நான் போய் வேலியடியில் நின்று சத்தம் போட்டேன்.

அவர் பீடியை எடுத்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "எண்ட ஆடு திண்டா அடியோட தின்னும். நுனிய மட்டும் தெரிஞ்செடுத்துத் தின்ன அது என்ன ராசாவா?"

"ஆடு கடிச்ச கண்டு எனக்குத் தெரியாதா?"

"உனக்கு பஸ்தான் தெரியும்."

அதோடு பேச்சு முறிந்தது. இரண்டு வருடம் பேசவில்லை. ஒரே வேலி, ஒரே ஒழுங்கை, கோயிலில் ஒரே பந்தி. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம்.

ஆட்டுக்கு எட்டக்கூடாது என்று கிணற்றுக்குப் போகும் வழியில் சீமெந்துக் கல் அடுக்கி, வாளியை இடுப்பளவு உயரத்தில் தூக்கி வைத்தேன். மேற்புறத்தை மட்டும் திறந்துவிட்டு, சுற்றிவரப் பழைய மீன்வலை கட்டினேன். பாக்கியமும் வலையைப் பிடித்துத் தந்தாள். "பாழாப்போன ஆடு" என்று அவளும் சேர்ந்து திட்டினாள்.

அப்படியும் நுனி போய்க்கொண்டே இருந்தது.

கால் ஆறிய பிறகும்

ஆவணியில் ராசம்மா அக்கா லயத்துப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டா. பாக்கியம் இரண்டு கிழமைக்கென்று புறப்பட்டாள். சந்தியில் பஸ் ஏறும்போது, "செடிக்குத் தண்ணி மறந்துடாதீங்க" என்றாள். என் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை ஒரு மாதமானது. "கால் இன்னும் ஊனல" என்பாள். "அடுத்த கெழம பாப்பம்" என்பாள். ஐப்பசியில் ஒருநாள் போன் எடுத்தபோது அக்காவே பேசினா.

"அவ கொழுந்து நிறுக்கிற பக்கம் சும்மா போயிருக்கா தம்பி. நான் இப்பதான் பீலியடியில தண்ணி புடிச்சிட்டு வாறேன்."

பீலி என்கிற மலைத் தண்ணீர்க் குழாய் லயத்திலிருந்து இறக்கத்தில் இருக்கிறது. குடத்தோடு ஏறிவர நல்ல கால் வேண்டும்.

அதன் பிறகும் அவள் "அடுத்த கெழம" என்றுதான் சொன்னாள். நானும் கால் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டி வரும். உண்மையைச் சொன்னால் அதை நான் தாங்க வேண்டி வரும்.

என் மனம் அவளைத் தேடியது. இதை எழுத வெட்கமில்லை. சோறு குழைந்தாலும் கோபம், குழையாவிட்டாலும் கோபம். கிணற்றடியில் வாளிச் சத்தம் இல்லாத காலையில் எழும்ப மனம் வரவில்லை. அவளிடம் வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் தன் ஊரை விட்டு என் ஊரில் இருந்த வருடங்களை நினைத்தால், நாலு மாதத்துக்குக் கணக்குக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

செடிக்குத் தண்ணீர் மட்டும் மறக்காமல் ஊற்றினேன். அது திடீரென்று உயரத் தொடங்கியது. வலை கடைசியில் வேலை செய்கிறது என்று நினைத்தேன். கார்த்திகை மழையில் இலை இடுக்குகளில் பட்டாணி போல் என்னவோ தொங்கியது. பூச்சி முட்டை என்று கிள்ளி எறியப் போனேன். நல்லவேளை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

மார்கழியில் ஒரு காலை முதல் பூ விரிந்தது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குஞ்சம் நிறைய. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால்தான் வாசம் தெரியும்.

சந்தோசத்தில் கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட யாருமில்லை. அப்போதுதான் அவள் சொன்னது நினைவு வந்தது. பூத்தால் தான் வேர் பிடித்துவிட்டதாக அர்த்தம் என்று சொன்னாள். அவள் இருந்த வருடமெல்லாம் பூக்காத செடி, அவள் போனதும் பூத்து நிற்கிறது. அப்படியானால் இதற்கு என்ன அர்த்தம்? எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

வேலிக்கு மேலால் சின்னத்தம்பி அண்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதற்பேச்சு அவர்தான் பேசினார்.

"பூத்திட்டுப் போல. எண்ட போனால படம் புடிச்சு அனுப்புவமா?"

"வேணாம்."

"மறுகா என்ன செய்யப் போறாய்?"

"நானே கொண்டு போறன்."

அவர் சிரிக்கவில்லை. சாரத்தை நனைத்துச் சுற்றினால் குலுங்காது என்று அவர்தான் சொன்னார். மறுநாள் விடிய இன்னும் இரண்டு பூ விரிந்திருந்தது. சந்திவரை வாளியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒற்றைப் பூவோடு

புல்லுமலை தாண்டும்போது ஒரு பூ கழன்று என் காலில் விழுந்தது. பிபிலைக்கு மேலே ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது போனது. "தம்பி, அந்த முடக்குக்கு முன்னமே கியரக் குறைங்க" என்று சாரதியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையை நானும் ஒரு காலத்தில் எத்தனையோ கிழவர்களைப் பார்த்துப் பார்த்திருக்கிறேன்.

லுணுகலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, லயத்து வாசலில் இறங்கும்போது ஒரு பூ மிச்சமிருந்தது.

பாக்கியம் தோளில் கம்பளிப் போர்வையோடு வெளியே வந்தாள். கன்னம் குளிரில் சிவந்திருந்தது. நடையில் அவசரமே இல்லை. அந்த மாதிரி அவளை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்த வசனத்தை விட்டுவிட்டு வாளியை இறக்கி வைத்தேன்.

சாரத்தை அவிழ்த்தேன். அவள் குந்தியிருந்து பூவைப் பார்த்தாள். தொடவில்லை.

"எப்ப பூத்துச்சு?"

"நீ இஞ்ச வந்த பொறகு."

அவள் முகம் மெல்ல வாடியது. "நான் இல்லாதப்ப" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நான் பயந்தது இதற்குத்தான். ராசம்மா அக்கா தடியூன்றாமல் நடந்து வந்து, பால் போடாத பிளேன்ரீயை என் கையில் தந்துவிட்டு, வாவியில் இப்போது இறால் படுகிறதா என்று விசாரித்தா. பாக்கியம் தலையைத் திருப்பி, "மாரியில படாதுக்கா, தண்ணி வெளுத்த பொறகுதான்" என்று விளக்கத் தொடங்கினாள்.

அவள் பேசிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கை செடிக்குப் போனது. பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியைப் பிடித்தன. டிக். இரண்டு இலையும் ஒரு குருத்தும் இடது உள்ளங்கைக்குப் போயின. கண் அக்காவின் முகத்தில், பேச்சு இறாலில். டிக். பக்கத்துக் கிளை. டிக்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். கிணற்றடிக்குப் போகிற ஒவ்வொரு காலையும், வாளியோடு நின்று என்னிடம் எதையாவது சொல்லிக்கொண்டு போவாளே, அந்தக் கை ஞாபகம் வந்தது. சமையலறை மேடையில் அடிக்கடி கிடக்கும் வாடிய இலைகள் ஞாபகம் வந்தன. கறிவேப்பிலை என்று நினைத்திருந்தேன். ஆட்டுக்கு எட்டாமல் இருக்க நான் தூக்கி வைத்த இடம் சரியாக அவளுடைய கைமட்டம்.

"அடியே, என்ன செய்யிற?" என்றா அக்கா.

பாக்கியம் குனிந்து தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமும் நான்தானா?"

"ஓம் புள்ள" என்றேன்.

"ஆடு இல்லையா?"

"ஆடு இல்ல."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அக்காவும் சிரித்தா, நானும் சிரித்தேன். எங்கள் சிரிப்பு நின்ற பிறகும் அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. உள்ளங்கையில் இருந்த கொழுந்தை மூடிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வா என்று கேட்கவே நான் போயிருந்தேன். கேட்கவில்லை. "செடி இஞ்சயே இரிக்கட்டும் பாக்கியம். இதுக்கு இந்த மண்தான் சரி" என்றேன். செடியைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

மறுநாள் காலை கோயிலுக்குப் பின்னால், அந்தக் கைவிட்ட மலை தொடங்கும் இடத்தில், இருவருமாகக் குழி வெட்டி நட்டோம். யாரும் கொழுந்தெடுக்க வராத இடம். அவள் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, பீலியில் கைகழுவிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் பயணப்பை இருந்தது.

"செடி இருக்கட்டும். நான் வாறன்" என்றாள்.

பஸ்ஸில் அவளை யன்னலோரம் இருத்தினேன். பிபிலை வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் றோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சில மாரிகள் போய்விட்டன. சின்னத்தம்பி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆட்டிடமும் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு மார்கழியிலும் ராசம்மா அக்கா போன் எடுத்து, "பூத்திருக்குடி" என்பா.

"கீழ கொட்டிக் கெடக்கா?" என்று மட்டும் பாக்கியம் கேட்பாள். பிறகு போனைக் காதில் வைத்தபடி மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கிணற்றுக்குப் போகும் வழியில் அந்தச் சீமெந்துக் கல் அப்படியே கிடக்கிறது. நான் எடுக்கவில்லை. காலையில் அவள் வாளியோடு அதனருகே நின்று என்னிடம் ஏதாவது சொல்வாள், மீன்காரன் வரவில்லை, வானம் இருண்டிருக்கிறது என்று. அப்போது அவளுடைய வலது கை இடுப்பளவு உயரத்தில் போய், ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ கிள்ளி இடது கையில் வைக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு, ஓம், ஓம் என்று அவளுக்குப் பதில் சொல்கிறேன். கையைப் பற்றி இதுவரை நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள்.